மீட்டர் கேஜ்லயே மலேசியால இருந்து பேங்காக் வரைக்கும்... எழுபது வயசு அப்பாவை கூட்டிட்டு போலாமுங்களா?

உடுமலை கார்த்தி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கப்பா ரயில்வேல கீமேனா இருந்து ரிட்டையர் ஆனவருங்க. உடுமலை மடத்துக்குளம் பக்கம் மீட்டர் கேஜ் ஓடுன காலத்துல தெனமும் காலைல சுத்தியலை தோள்ல போட்டுட்டு மைவாடி ரோடு வரைக்கும் லைன் மேலயே நடப்பாரு, தண்டவாளத்தை இறுக்கற எந்த சாவி கழண்டிருக்கு எந்த கட்டை உளுத்திருக்குன்னு சத்தத்துலயே சொல்லிருவாரு. அகலப்பாதை போடறோம்னு அந்த தண்டவாளத்தை பேத்து லாரில ஏத்துன அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சோறு திங்காம படுத்துட்டாரு, அது எனக்கு இன்னைக்கும் கண்ணுக்குள்ளயே இருக்குங்க.

போன மாசம் என் பையன் போன்ல மலேசியா ட்ரெயின் வீடியோ ஒண்ணு பாத்துட்டு இருந்தான். அப்பா பக்கத்துல உக்காந்து பாத்தவரு சட்டுனு "டேய் இது மீட்டர் கேஜுடா"ன்னாரு. கரண்ட் ட்ரெயின், 140 ஸ்பீடுன்னு போட்டிருக்கு, இது எப்படிப்பா மீட்டர் கேஜா இருக்கும்னு நான் சொன்னேன். அப்பறம் தேடிப் பாத்தா அவரு சொன்னதுதான் சரி, மலேசியா தாய்லாந்து ரெண்டுமே ஒரு மீட்டர் பாதை தானாம், கோலாலம்பூர்ல ஏறுனா பார்டர்ல ஒரு தடவ மட்டும் மாறி பேங்காக் வரைக்கும் போயிரலாமாம். அதுல இருந்து தெனமும் ஒரு தடவையாவது அதைப் பத்தி கேக்கறாரு. தனக்குன்னு எதையுமே கேட்டு பழக்கமில்லாத மனுசன்ங்க, அதனால எப்படியாவது கூட்டிட்டு போயிரணும்னு இருக்கேன்.

என் ரோசனை எல்லாம் என்னன்னா, அவருக்கு முட்டி வலி இருக்கு, பார்டர்ல பெட்டி தூக்கிட்டு எவ்வளவு நடக்கணும்? மேல் பெர்த் வந்துட்டா ஏற முடியாது. சுத்த சைவம் வேற. எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் போனா நல்லது? தம்பி என்னடான்னா ஃபிளைட்டுல பேங்காக் போயிட்டு வந்துருங்க எதுக்கு இந்த அலைச்சல்ங்கறான். போயிட்டு வந்தவங்க யாராச்சும் இருந்தா வெவரமா சொல்லுங்க.

ஈரோடு பாலு:

கார்த்தி தம்பி, மொதல்ல அப்பாவுக்கு என் வணக்கத்தை சொல்லுங்க. வீடியோல ஒரு தடவ பாத்தே கேஜ் சொல்றாருன்னா லைன்ல நடந்த காலு அது. ஃபிளைட்டு பேச்சே வேண்டாம். நான் ரெண்டு தடவ அந்தப் பாதைல போயிட்டு வந்தவன், எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

நம்ம பக்கம் மீட்டர் கேஜுன்னு இப்ப மிச்சம் இருக்கறது மேட்டுப்பாளையம் ஊட்டி 46 கிலோமீட்டர் மட்டும்தான். அதனால மீட்டர் கேஜுன்னாலே மெதுவா ஆடிட்டுப் போற வண்டின்னு நமக்கு மனசுல பதிஞ்சு போச்சு. அங்க அதே ஒரு மீட்டர் அகலத்தை வெச்சுட்டு டபுள் லைன் போட்டு, வளைவெல்லாம் நிமித்தி, கான்கிரீட் ஸ்லீப்பர் போட்டு, மேல 25,000 வோல்ட் கரண்டு கம்பி இழுத்து 140ல ஓட்டறாங்க. ஈடிஎஸ்னு பேரு. இப்போங்கற (Ipoh) ஊரை தாண்டி வடக்க பார்டர் வரைக்கும் 329 கிலோமீட்டர் புதுசா போட்டாங்க, 2015ல இருந்து பார்டர் ஸ்டேஷன் பாடாங் பெசார் வரைக்கும் ஓடுது. கோலாலம்பூர் சென்ட்ரல்ல ஏறுனா அஞ்சரை மணி நேரம் வாக்குல பார்டர்ல எறங்கலாம். அப்பாவை ஜன்னலோரம் உக்கார வெச்சு பக்கத்து லைனை பாக்கச் சொல்லுங்க, ஸ்பீடு போர்டுல 140 வர்றப்ப அவரு மூஞ்சியையும் செத்த பாத்துக்குங்க.

எந்தப் பக்கம்னு கேட்டீங்க. என் கணக்குக்கு கோலாலம்பூர்ல இருந்து வடக்கு நோக்கி போறது தான் நல்லது. திருச்சில இருந்து கோலாலம்பூருக்கு நேர் ஃபிளைட்டு இருக்கு, எறங்குன ஊர்ல தமிழ் பேசுனாலே போதும், சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ், இலைல சாப்பாடு போடற கடை வரிசையா இருக்கு. ரெண்டு நாள் அங்க தங்கி அப்பா உடம்பு பழகுனதுக்கு அப்பறம் ட்ரெயின் ஏறுங்க. காலைல கெளம்பற வண்டியா பாத்து டிக்கெட் போடுங்க, ஏன்னா பாதை முச்சூடும் பாக்க வேண்டியது. வலப்பக்கம் தித்திவங்சா மலைத்தொடர் கூடவே வரும், அந்த இப்போ ஊர் கிட்ட சுண்ணாம்புக்கல் குன்னுங்க செங்குத்தா நிக்கும். இப்போ ஊர் ஸ்டேஷன் வெள்ளைக்காரன் கட்டுன வெள்ளை மாளிகை, 1917ல முடிச்சது, உள்ளூர்க்காரங்க தாஜ்மஹால்னே சொல்லுவாங்க. அதை தாண்டுனா கோலா கங்சார், அப்பறம் தைப்பிங். மலாயாவுல மொத மொதல்ல ட்ரெயின் ஓடுனது தைப்பிங்ல இருந்து போர்ட் வெல்டுக்கு தான், 1885ல. அதை அப்பாகிட்ட சொல்லுங்க, அவருக்கு இந்த மாதிரி வெவரம் புடிக்கும்னு தோணுது.

தைப்பிங் தாண்டுனதும் கண்ணை மூடிராதீங்க. புக்கிட் மேரான்னு ஒரு ஏரி, தண்ணிக்கு நடுவுல கரை போட்டு அது மேல லைன் போகுது. ரெண்டு பக்கமும் தண்ணி, ஜன்னல்ல பாத்தா வண்டி தண்ணி மேல மிதந்து போற மாதிரியே இருக்கும்.

பார்டர் பத்தி வெசனப்படவே வேண்டாம். பாடாங் பெசார் ஸ்டேஷன் மலேசியா மண்ணுல இருக்கு, ஆனா ரெண்டு நாட்டு இமிக்ரேஷனும் அதே கட்டடத்துல தான். மலேசியா கவுன்ட்டர்ல முத்திரை குத்திட்டு அடுத்த கவுன்ட்டர்ல தாய்லாந்து முத்திரை, அவ்வளவு தான், அப்பறம் தாய் ட்ரெயின் ஏறிக்கலாம். பெட்டி மட்டும் உங்க கையில இருக்கணும், சக்கரம் வெச்ச சின்ன பெட்டியா கொண்டு போங்க. ரெண்டு நாட்டுக்கும் ஆன்லைன்ல ஒரு நுழைவு ஃபாரம் இருக்கு, போறதுக்கு மூணு நாளுக்குள்ள போடணும், ரெண்டுமே காசு கெடையாது, காசு கேக்கற வெப்சைட்டு எல்லாம் ஏமாத்து வேலை. மலேசியா 2023 டிசம்பர்ல இருந்து நமக்கு 30 நாள் விசா இல்லாம விடறாங்க, தாய்லாந்து விதி அடிக்கடி மாறும், டிக்கெட் போடற அன்னைக்கு ஒருக்கா பாத்துக்குங்க.

பெர்த்து: தாய் செகண்ட் கிளாஸ் ஸ்லீப்பர்ல நம்ம சைடு லோயர் மாதிரியே ரெண்டு பக்கமும் நீளவாக்குல படுக்கை, நடுவுல நடை. ராத்திரி ஆனா ஒரு பணியாள் வந்து சீட்டை மடக்கி மெத்தை போட்டு வெள்ளைத்துணி விரிச்சு திரை மாட்டி விட்டுட்டு போவாரு. கீழ் பெர்த்து அகலம், ஜன்னல் உண்டு, வெலை கொஞ்சம் எச்சு. மேல ஜன்னலே கெடையாது. அப்பாவுக்கு கீழ் பெர்த்து கெடைக்கற தேதியா பாத்து ட்ரிப்பை வையுங்க. பார்டர்ல இருந்து கெளம்பறது ஒரு சில கோச்சு தான், மத்ததெல்லாம் தாய்லாந்துக்குள்ள ஹாட்யாய் ஜங்ஷன்ல சேப்பாங்க, அதனால சீக்கிரமே தீந்து போயிரும்.

காலைல முழிச்சதும் பெட்சபுரி பக்கம் வெளிய பாருங்க. வயக்காட்டு நடுவுல பனைமரம், நம்ம பனை தான், கூட்டம் கூட்டமா நிக்கும்.

அவினாசி செந்தில்:

பாலு அண்ணன் சொன்னதெல்லாம் சரிங்க, ஆனா தெசைல மட்டும் நான் வேற சொல்லுவேன். நாங்க பேங்காக்ல இருந்து கீழ வந்தோம், எங்கம்மாவும் கூட. தாய்லாந்து சாப்பாட்டுல மீன் சாறு வாசத்துக்கே அம்மாவுக்கு ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கல, பார்டர் தாண்டி தோசைய பாத்ததுக்கு அப்பறம் தான் மூஞ்சில தெளிவு வந்துச்சு. கஷ்டத்தை முன்னாடி முடிச்சுட்டு நல்ல சாப்பாட்டுல போயி ட்ரிப்பை முடிக்கலாமில்லீங்களா. பேங்காக்ல ஏறறதுன்னா ஒண்ணு கவனம், 2023 ஜனவரில இருந்து தூர வண்டியெல்லாம் பழைய ஹுவா லம்போங் ஸ்டேஷன்ல இருந்து கெளம்பறதில்ல, பாங் சூ பக்கம் கட்டுன பெரிய புது ஸ்டேஷன்ல இருந்து தான், பழைய வீடியோ பாத்துட்டு மாறிப் போயிராதீங்க. சைவத்துக்கு அங்க "ஜே"ன்னு ஒரு வார்த்தை இருக்கு, மஞ்சக் கொடில செவப்பு எழுத்துல போட்டிருப்பாங்க, அந்த கடைல கறி மீன் முட்டை பால் எதுவும் இருக்காது, பூண்டு வெங்காயம் கூட போட மாட்டாங்க. எல்லா ஊர்லயும் கெடைக்காது, அதனால ட்ரெயினுக்குன்னு புளிச்சோறு மாதிரி ஏதாச்சும் கட்டிட்டு போயிருங்க.

இன்னொன்னு நாங்க மாட்டுனது. மலேசியா நேரம் தாய்லாந்தை விட ஒரு மணி நேரம் முன்னாடி. நாங்க காலைல பாடாங் பெசார் வந்து எறங்குறப்ப வாட்சு தாய் நேரத்துலயே இருந்துச்சு, அடுத்த ட்ரெயினுக்கு ஒன்றரை மணி நேரம் கெடக்குதுன்னு கேன்டீன்ல டீ வாங்கிட்டு உக்காந்துட்டோம். நெசத்துல அரை மணி நேரம் தான் இருந்திருக்கு. முத்திரை குத்தி பிளாட்பாரத்துக்கு வந்தா வண்டி போயிருச்சு. அம்மாவ வெச்சுட்டு அன்னைக்கு பட்ட பாடு இருக்கே. டிக்கெட்ல போட்டிருக்கறது எந்த நாட்டு நேரம்னு பேனால எழுதியே வெச்சுக்குங்க. அப்பறம் பட்டர்வொர்த் போற கொமூட்டர் வண்டில ஏறிட்டோம், அது ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னு கெடா மாநிலத்து வயக்காட்டுக்குள்ள போச்சு, அம்மா ஜன்னலை விட்டு திரும்பவே இல்ல, ட்ரெயின் போனதும் நல்லதுக்கு தான்னு சொன்னாங்க. பட்டர்வொர்த்ல இருந்து ஃபெர்ரி புடிச்சா பினாங்கு.

உங்கப்பாவுக்குன்னே ஒண்ணு சொல்றேன். ஹாட்யாய்க்கும் பாடாங் பெசாருக்கும் நடுவுல 45 கிலோமீட்டர், அதுல சாதாரண டீசல் வண்டி ஒண்ணு ஓடுது. அதுல மட்டுமாவது போயிருங்க. ஏசி வண்டில கண்ணாடி தொறக்காது, தண்டவாள சத்தம் காதுக்கு வராது. இதுல ஜன்னலை எறக்கிட்டு உக்காந்தா ரப்பர் தோட்டத்து காத்தும் சக்கர சத்தமும் நேரா உள்ள வரும், பழைய பொள்ளாச்சி திண்டுக்கல் வண்டில போற மாதிரியே இருந்துச்சுங்க எனக்கு.

சுங்கை பட்டாணி மருமக:

தம்பி, நான் காங்கேயத்துல பொறந்து இங்க கெடாவுக்கு கட்டிக் கொடுத்து வந்தவ. இந்த ட்ரெயின் எங்க ஊர் வழியா தான் போகுது. கெடான்னா எதுன்னு தெரியுமில்ல, நம்ம கடாரம் தான். ராஜேந்திர சோழன் படை 1025 வாக்குல வந்த ஊரு. வடக்க போறப்ப இடப்பக்கம் ஒத்தை மலையா ஒண்ணு நிக்கும், ஜெராய் மலை, 1,217 மீட்டர், கடல்ல வந்த கப்பலுக்கெல்லாம் அது தான் அடையாளமா இருந்துச்சும்பாங்க. அதுக்கு கீழ தான் பூஜாங் பள்ளத்தாக்கு, பழைய கோயில் அடித்தளமெல்லாம் தோண்டி எடுத்து வெச்சிருக்காங்க, மியூசியமும் இருக்கு. அப்பாவுக்கு முட்டி தாங்கும்னா சுங்கை பட்டாணில ஒரு நாள் எறங்கி பாத்துட்டு மறுநாள் அடுத்த வண்டிய புடிங்க. ஒரே மூச்சுல பேங்காக் போகணும்னு என்ன கட்டாயம்? வயசானவங்களை அஞ்சரை மணி நேரம் உக்கார வெச்சு உடனே ராத்திரி வண்டில படுக்க வெக்காதீங்க.

கார்த்திகை மார்கழில வர வேண்டாம். நம்மூருக்கு மழை வர்ற அதே காத்து தான் அந்தப் பக்கமும் கொட்டும். 2025 நவம்பர்ல ஹாட்யாய் ஊரே முங்கிப் போச்சு. தைக்கு அப்பறம் வானம் தெளிஞ்சிரும். தைப்பூசத்தப்ப மட்டும் இங்க பத்துமலை முருகன் கோயிலுக்கும் பினாங்குக்கும் கூட்டம் அள்ளும், ட்ரெயின் டிக்கெட் முன்னாடியே தீந்துரும், அதை பாத்து தேதி வையுங்க.

இங்க பழைய ரயில்வே ஆளுங்கள்ல நெம்ப பேரு நம்மாளுங்க தான் தம்பி. லைன் போட்டது, கல்லு கொட்டுனது, கேங்ல நின்னது எல்லாம். ஸ்டேஷன் மாஸ்டரு குமாஸ்தான்னு யாழ்ப்பாணத்துக்காரங்க நெறைய பேரு. எங்க மாமனாரோட அப்பாவும் லைன்ல வேலை பாத்தவரு, எங்கூட்டு செவுத்துல இன்னும் அவரு காக்கி சட்டையோட நிக்கற போட்டோ மாட்டியிருக்கு. அப்பாவை கூட்டிட்டு வாங்க, எங்கூட்ல ஒரு வேளை சாப்பிடட்டும்.

ஈரோடு பாலு:

அக்கா சொன்னதை நான் ஒத்துக்கறேன், நடுவுல ஒரு ராத்திரி தங்கறது தான் சரி, நான் வயசை கணக்குல எடுக்காம எழுதிட்டேன். செந்தில், சாப்பாட்டு காரணத்துக்காக தெசைய மாத்த வேண்டியதில்ல, கெடால தங்குனா அங்கயே ரெண்டு வேளைக்கு கட்டிட்டு கெளம்பிரலாம், ராத்திரி வண்டிக்கு அது போதும். அப்பறம் கார்த்தி, ரெண்டு தேசத்துலயும் அப்பாவை லைன் மேல எறங்க விட்டுராதீங்க, அவருக்கு கால் பரபரக்கும், ஆனா மலேசியால கரண்டு வண்டி சத்தமே இல்லாம வரும்.

மோகனூர் தங்கராசு:

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா ரோசனை பண்ணிட்டு இருந்தேன். உங்கப்பா ரயில் பாதைல வேலை செஞ்சவருங்கறதால எழுதறேன்.

எங்க தாத்தாவோட அண்ணன் நாகப்பட்டணத்துல கப்பல் ஏறி மலாயா தோட்டத்துக்கு போனவரு. ஒண்ணு ரெண்டு லெட்டர் வந்துச்சாம், ஜப்பான்காரன் வந்ததுக்கு அப்பறம் ஒண்ணும் வரல. யுத்தம் முடிஞ்சு அதே தோட்டத்துல இருந்து திரும்புனவர் ஒருத்தரு தான் சொன்னாராம், ஜப்பான்காரன் தாய்லாந்துல இருந்து பர்மாவுக்கு போட்ட சயாம் ரயிலுக்கு புடிச்சுட்டு போனாங்கன்னு. எங்க பாட்டி சாகற வரைக்கும் ஆடி அமாவாசைக்கு அவருக்கு படைக்கறதா வேண்டாமான்னு ஊட்ல பேச்சு வரும், ஏன்னா செத்தாருன்னு யாரும் பாத்து சொல்லலையே.

நீங்க போற தாய் ட்ரெயின் பேங்காக் கிட்ட வர்றப்ப நோங் பிளாடுக்னு ஒரு சின்ன ஜங்ஷன் வழியா போகும். அங்க இருந்து தான் அந்தப் பாதை பர்மா பக்கம் பிரியுது. 415 கிலோமீட்டர், அதுவும் மீட்டர் கேஜ் தான். 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சுட்டாங்க. மலாயாவுலயே ஒரு லைன்ல இருந்த தண்டவாளத்தை பேத்துட்டு வந்து இங்க போட்டிருக்காங்க. வெள்ளைக்கார யுத்தக் கைதிங்க பன்னெண்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க, அவங்களுக்கு வரிசையா பேரு பொறிச்ச கல்லறை இருக்கு, பச்சைப் புல்லு வெட்டி அழகா வெச்சிருக்காங்க. நம்ம தமிழாளுங்க, பர்மாக்காரங்க, மலாய்க்காரங்க, ஜாவாக்காரங்கன்னு கூலியா போனவங்க செத்தது அதை விட பல மடங்கு எச்சு, தொண்ணூறாயிரம் இருக்கும்ங்கறாங்க. பேரு எழுதி வெக்க கூட ஆளில்லாம போச்சு. காலரா வந்து காட்டுக்குள்ளயே விழுந்தவங்க எத்தனையோ.

நான் போயிட்டு வந்தேன். அந்தப் பாதைல இருக்கற காஞ்சனபுரில வாட் தாவோர்ன் வராராம்னு ஒரு புத்த கோயில், அங்க நம்ம தொழிலாளிங்களுக்கு நடுகல் நட்டிருக்காங்க. ஊர்ல இருந்து கொண்டு போன திருநீறை வெச்சுட்டு பெரிய தாத்தா பேரை மூணு தடவ சத்தமா சொன்னேன். அவ்வளவு தான் என்னால முடிஞ்சது.

இப்பவும் அந்தப் பாதைல நாம் டோக்ங்கற ஊர் வரைக்கும் சாதாரண வண்டி ஓடுது. ஆத்தோரமா பாறைய ஒட்டி மரத்தூண் மேல லைன் போற எடம் ஒண்ணு இருக்கு, வண்டி நடந்து போற வேகத்துல தான் போகும், எல்லாரும் அங்க போட்டோ எடுப்பாங்க. பாக்க அவ்வளவு அழகான எடம். நான் எடுக்கல. ராத்திரி ட்ரெயின்ல வர்றவங்க பேங்காக் வரைக்கும் போக வேண்டாம், நக்கோன் பதோம்ல எறங்குனா காஞ்சனபுரி வண்டி அதே ஸ்டேஷன் வழியா தான் போகும், நேரம் சேரலைன்னா வேன் இருக்கு. போயே ஆகணும்னு சொல்லல. போனீங்கன்னா ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க.

உடுமலை கார்த்தி:

எல்லாத்தையும் அப்பாவுக்கு படிச்சு காட்டினேங்க. தைப்பிங் 1885னு கேட்டதும் ஒரு தாள்ல எழுதி பாக்கெட்ல வெச்சுக்கிட்டாரு. தங்கராசு அண்ணன் எழுதுனதை படிக்கறப்ப பாதிலயே எந்திரிச்சு தாழ்வாரத்துக்கு போயிட்டாரு, செத்த நேரம் கழிச்சு வந்து "மறுபடியும் படி"ன்னாரு. அப்பறம் ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாரு, அந்த மரத்தூண் பாதைய இப்ப யாரு பாத்துக்கறாங்க, தெனமும் நடந்து பாக்க ஆளு போட்டிருக்காங்களான்னு. எனக்கு பதில் தெரியலைங்கண்ணா, நீங்க போனப்ப லைன்ல யாராச்சும் வேலை செஞ்சுட்டு இருந்தாங்களா?

தேதி அவரே முடிவு பண்ணிட்டாருங்க. வருசா வருசம் போற மாதிரி தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்து போயிட்டு வந்துட்டு மாசி பொறந்ததும் கெளம்பலாம்ங்கறாரு. அக்கா, சுங்கை பட்டாணில ஒரு ராத்திரி கண்டிப்பா தங்கறமுங்க, உங்க ஊட்டுக்கு பழனி பஞ்சாமிர்தம் கொண்டு வரச் சொல்லிட்டாரு. செந்தில் அண்ணா, ஹாட்யாய் வரைக்கும் அந்த டீசல் வண்டி, அங்க இருந்து ராத்திரி ட்ரெயின்னு மாத்திட்டேன். கீழ் பெர்த்து ரெண்டு பாத்துட்டு இருக்கேன், கெடைச்சதும் இங்கயே எழுதறேன்.